பேய் வந்ததும் ஊரே சிரிக்கிறதா? ஊர்ப் பேய்ப் படங்களின் கோளாறுகளும் கைவைத்தியமும்

கோயில் கொடையின் இரண்டாம் நாள் இரவு. வில்லுப்பாட்டு முடிந்து கரகாட்டம் தொடங்குவதற்கு நடுவே கிடைத்த முக்கால் மணி நேரத்தில் எங்கள் முதல் பேய்ப் படத்தைப் போட்டோம். பதினோரு நிமிடப் படம். ஏழாவது நிமிடத்தில் வெள்ளைப் புடவையும் விரித்த தலையுமாகப் பேய் வந்தது. "ஏலே, இது நம்ம டெய்லர் மகன்லா!" என்று முன்வரிசையிலிருந்து ஒரு குரல். அதற்குப் பிறகு கடைசி வரை சிரிப்புதான். டெய்லர் மகன் ஒரு வாரம் கடைப்பக்கம் வரவில்லை.

கோவில்பட்டிப் பக்கம் கரிசல்காட்டு ஊர் எங்களுடையது. அந்தச் சிரிப்புக்குப் பிறகும் விடாமல் வருடத்துக்கு ஒரு படம் எடுக்கிறோம். இரண்டு கைபேசி, ஒரு டிரைபாட், ஒரு காலர் மைக், கல்யாண வீடியோ எடுக்கும் தம்பியிடம் இரவல் வாங்கும் எல்ஈடி விளக்கு, இவ்வளவுதான் சொத்து. நடிப்பவர்களும் ஊர்க்காரர்கள், பார்ப்பவர்களும் அவர்களே. இதுவரை நாங்கள் மாட்டிக்கொண்ட கோளாறுகளை, ஊர்க்காரர்கள் எப்படிச் சொன்னார்களோ அப்படியே தலைப்பாகப் போட்டு எழுதியிருக்கிறேன். உங்களுக்கு எது பொருந்துகிறதோ அதற்கு நேராகப் போய்விடலாம்.

"பேயைப் பார்த்தா சிரிப்புதான் வருது"

கருவிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான்.

தியேட்டர் படத்தில் பேயாக வருபவர் யாரோ எவரோ. ஊர்ப் படத்தில் அவர் காலையில் நம் வீட்டுக்குப் பால் ஊற்றியவர். முகம் தெரிந்த நொடியிலேயே பேய் போய்விடும், ஆள் வந்து நின்றுவிடுவார். மேக்கப் போதாது என்று நினைத்து இரண்டாவது படத்தில் முகம் முழுக்க மாவை அப்பினோம். பள்ளி ஆண்டு விழா மாறுவேடப் போட்டி மாதிரி ஆகிவிட்டது. சிரிப்பு இன்னும் கூடியதுதான் மிச்சம்.

முகத்தைக் காட்டாதீர்கள். முதுகு, தரையில் இழுபடும் முந்தானை, கதவிடுக்கில் நாலு விரல், நிலைக்கண்ணாடியின் ஓரத்தில் எதுவோ ஒன்று. அதுவும் ஒரு ஷாட்டில் இரண்டு நொடிக்கு மேல் வேண்டாம். எடிட்டிங்கில் உட்காரும்போது, இவ்வளவு கஷ்டப்பட்டு எடுத்தோமே, இன்னும் கொஞ்சம் தெரியட்டுமே என்று கை துறுதுறுக்கும். அடக்கிக்கொள்ளுங்கள்.

இது பாதி மருந்துதான். மீதிப் பாதி எங்களுக்கு மூன்றாவது படத்தில்தான் பிடிபட்டது. தெரிந்த ஆளைக் காட்டினால் பயம் போகிறது, சரி. தெரிந்த இடத்தைக் காட்டினால்? எங்கள் ஊர்க் கம்மாய்க்கரையில் ஒரு புளியமரம், அதன் கீழே யாருக்கும் வேண்டாத பழைய கல் உரல் ஒன்று. ஊருக்குள் இருந்து போகும்போது அது பாதைக்கு இடப்பக்கம் கிடக்கும். மூன்றாவது படத்தில் ஒரு பையன் இரவில் அந்த வழியாகக் கடைக்குப் போகிறான். உரல் இடப்பக்கம். திரும்பி வருகிறான். அப்போதும் உரல் அவனுக்கு இடப்பக்கமே கிடக்கிறது. அவ்வளவுதான். பேய் கிடையாது, இசை கிடையாது. வெளியூர் நண்பர்களிடம் காட்டியபோது, "இதில் என்ன இருக்கிறது?" என்றார்கள். கொடையில் போட்டபோது கூட்டம் ஒரு நொடி அப்படியே அடங்கியது. பிறகு பின்னால் யாரோ ஒரு பெண், "ஏ ஆத்தி" என்றார். அந்த உரலை நகர்த்த நாலு பேர் கடப்பாரையோடு முக்கால் மணி நேரம் பட்ட பாட்டுக்கு அந்த ஒரு "ஏ ஆத்தி" போதும்.

ஆகவே கதை யோசிக்கும்போது, ஊரில் எல்லாரும் தினமும் பார்த்துக் கவனிக்காமல் விட்ட பொருள்களுக்கு ஒரு பட்டியல் போடுங்கள். பம்ப்செட் ரூம் கதவு, பள்ளிக்கூட மணி, பஸ் ஸ்டாப்பில் கால் உடைந்த பெஞ்ச். அதில் ஒன்றை மட்டும் லேசாக மாற்றுங்கள்.

"ராத்திரி சீன் பூரா மணல் கொட்டின மாதிரி இருக்கு"

வெளிச்சம் போதாமல் கைபேசி ஐஎஸ்ஓவை, அதாவது ஒளியை வாங்கும் கூர்மையை, தானே ஏற்றிவிட்டது. அந்தப் புள்ளிகளை எடிட்டிங்கில் துடைத்தால் முகம் மெழுகுப் பொம்மை மாதிரி ஆகும். எடுக்கும்போதே சரிசெய்வதுதான் வழி.

இரவுக் காட்சியை இரவில் எடுக்காதீர்கள். சூரியன் மறைந்த பிறகு நம் பக்கத்தில் முழு இருட்டாக இருபது, இருபத்தைந்து நிமிடம் ஆகும். வானம் நீலமாக இருக்கும் அந்த நேரத்தில் எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் வெளிச்சத்தை) கொஞ்சம் இறக்கி எடுத்தால் திரையில் நடுச்சாமம் மாதிரியே தெரியும். நேரம் குறைவு என்பதால் மத்தியானமே ஒத்திகை பார்த்துவிட வேண்டும். ஒரு சாயங்காலத்துக்கு மூன்று ஷாட் கிடைத்தாலே லாபம்.

இரவிலேயே எடுத்தாக வேண்டும் என்றால் விளக்கை நடிகருக்கு முன்னால் வைக்காதீர்கள், பின்னால் வையுங்கள். மரத்துக்குப் பின்னால் ஒரு பைக்கை நிறுத்தி ஹெட்லைட்டைப் போட்டு, நடுவில் சாம்பிராணிப் புகை போடுங்கள். புகையில் வெளிச்சம் கோடு கோடாக இறங்கும், ஆள் கரும் உருவமாகத் தெரிவார். யார் என்று தெரியாது. மேலே சொன்ன சிரிப்புக் கோளாறுக்கும் இதிலேயே மருந்து இருக்கிறது.

தீப்பந்தம் பிடிப்பவருக்கு நைலான், பாலியஸ்டர் துணி வேண்டாம், பருத்திதான். பக்கத்தில் ஒரு குடம் தண்ணீரும் நனைத்த சாக்கும் இருக்கட்டும். புதருக்குள் ஒளிந்திருப்பவர் ஷூ போட்டிருக்க வேண்டும். கரிசல்காட்டில் ராத்திரி பாம்பு நிஜமாகவே நடமாடும்.

"டியூப்லைட் வெளிச்சத்துல படம் பட்டை பட்டையா ஓடுது"

நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் டியூப்லைட் நொடிக்கு 100 தடவை கூடிக் குறைகிறது. கைபேசி வழக்கமாக நொடிக்கு 30 பிரேம் எடுக்கும், ஷட்டரை, அதாவது ஒவ்வொரு பிரேமும் ஒளி வாங்கும் நேரத்தை, தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ளும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் பட்டை ஓடும். கேமரா செயலியில் மேனுவலுக்குப் போய் 25 பிரேம், ஷட்டர் 1/50 என்று வைத்தால் நின்றுவிடும். வெளிச்சம் கூடுதலாக இருந்தால் 1/100 வைக்கலாம். சில மலிவான எல்ஈடி பல்புகள் இதற்கும் அடங்காது. பல்பை மாற்றுங்கள். ஸ்லோமோஷனை வீட்டு விளக்கில் எடுக்கவே வேண்டாம். வெயிலிலோ பேட்டரி டார்ச்சிலோ எடுங்கள்.

"பேய் மறையும்போது சுவரும் சேர்ந்து ஆடுது"

பேய் ஊடுருவித் தெரிய, டிரைபாடை நிறுத்திவைத்துக் காலி அறையை ஒரு தடவை, ஆளை வைத்து ஒரு தடவை எடுத்து, எடிட்டிங்கில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு மேலே உள்ளதை மங்கலாக்குவோம் அல்லவா? சுவர் ஆடினால் டிரைபாட் அசைந்திருக்கிறது. பெரும்பாலும் ரெக்கார்ட் பட்டனைத் தொட்டபோதுதான் அசைந்திருக்கும். ஒரே ஓட்டமாக எடுத்துப் பிறகு வெட்டிக்கொள்ளுங்கள். சுவர் ஆடாமல் நிறம் மட்டும் மாறினால் ஆட்டோ எக்ஸ்போஷரும், நிறத்தைச் சரிக்கட்டும் ஒயிட் பேலன்ஸும் செய்த வேலை. திரையில் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸ், எக்ஸ்போஷர் இரண்டையும் பூட்டுங்கள். ஒயிட் பேலன்ஸை மேனுவலில் ஒரே எண்ணில் நிறுத்துங்கள். அறையில் காலண்டர் இருந்தால் ஃபேனை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பேயோடு சேர்ந்து காலண்டருக்கும் ஆவி வந்துவிடும்.

"ரத்தம் ரோஸ்மில்க் மாதிரி இருக்கு"

குங்குமமும் எண்ணெயும் கலந்தால் ஆரஞ்சாகத் தெரியும், தோலிலும் துணியிலும் கறை போகாது. சர்க்கரைப் பாகில் சிவப்பு உணவுக் கலர், கொஞ்சம் சோளமாவு, அரை ஸ்பூன் காபித் தூள், ஊசிமுனை அளவு நீலக் கலர் சேர்த்துப் பாருங்கள். காபித் தூளும் நீலமும்தான் அந்தப் பழைய ரத்த நிறத்தைக் கொடுக்கும். பக்கவிளைவு எறும்பு. பிணமாகக் கிடந்த அண்ணாச்சி மூன்றாவது டேக்கில் எழுந்து ஓடியது நடிப்பு இல்லை.

"பாடையில படுக்க மாட்டேங்காரு"

வற்புறுத்தாதீர்கள், கேலியும் வேண்டாம். ஒப்புக்கொண்டவரே கடைசி நேரத்தில் மறுப்பார். பெரும்பாலும் அவருக்குப் பயம் இருக்காது, வீட்டில் அம்மாவோ மனைவியோ அழுதிருப்பார்கள். நிஜச் சவத்துக்குச் செய்யும் சடங்குகளை அப்படியே செய்யாமல் ஒன்றைக் குறைத்துவிடுங்கள். நாங்கள் நெற்றிக்காசு வைப்பதில்லை. காலில் கட்டும் துணியை முடிச்சுப் போடாமல் சும்மா சுற்றிவைப்போம். ஷாட் முடிந்ததும் பிணமாக நடித்தவர் கேமராவைப் பார்த்துச் சிரிப்பதை ஒரு துண்டு எடுத்துக்கொள்வோம். சினிமாக்காரர்களிடம் உள்ள பழக்கம்தான். பிறகு வீட்டுக்குப் போய் அவருடைய அம்மா கையாலேயே உப்பும் மிளகாயும் சுற்றிப் போடச் சொல்வோம். நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்று நம்மை யாரும் கேட்கவில்லை. அடுத்த படத்துக்கும் ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

சிறுவர்கள் நடித்தால் பேய் வேடத்தை அவர்கள் கண்முன்னாலேயே போடுங்கள். தந்திரம் தெரிந்த பிள்ளை பயப்படாது, பயந்த மாதிரி நன்றாக நடிக்கவும் செய்யும். நிஜமாகப் பயமுறுத்தி எடுத்த ஷாட் எவ்வளவு நன்றாக வந்தாலும் அது தப்புதான்.

"பக்கத்து ஊர்க்காரங்க கம்போட வந்துட்டாங்க"

இதைச் சிரிப்பாக எடுத்துக்கொள்ள முடியாது. 2018இல் பிள்ளை பிடிக்கும் கும்பல் என்று வாட்ஸப்பில் பரவிய வதந்தியை நம்பி ஊர்க்கூட்டங்கள் அடித்ததில் தமிழ்நாட்டிலும் உயிர்கள் போயின. முகத்தில் சாயம் பூசிக்கொண்டு ராத்திரி பதினோரு மணிக்குக் கண்மாய்க்குள் நிற்பவரைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும்.

எடுக்கும் தேதி, இடம், எத்தனை பேர் என்பதை இரண்டு நாள் முன்னாலேயே போலீஸ் ஸ்டேஷனில் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். சுற்றுவட்டார ஊர்களின் பஞ்சாயத்துத் தலைவர்களுக்கும், அந்தக் காட்டுக்கு உரியவருக்கும், ராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போகிறவர்களுக்கும் நேரில் சொல்லுங்கள். படப்பிடிப்பு நடக்கும் இடத்துக்கு வரும் இரண்டு பாதையிலும் ஊருக்கெல்லாம் தெரிந்த வயதான ஒருவரை டீயோடு உட்கார வையுங்கள். எங்களுக்கு அந்த வேலையை ஒரு தாத்தா செய்கிறார். படத்தில் அவர் பெயர்தான் முதலில் வரும். வேடத்தோடு யாரும் தனியாகப் பைக்கில் வீட்டுக்குப் போகக் கூடாது. முகத்தைக் கழுவிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

"வீட்ல நல்லா தெரிஞ்சது, திரையில ஒண்ணும் தெரியலை"

திரையிடலில் வரும் கோளாறுகளில் இதுதான் அதிகம். புரொஜெக்டரால் கறுப்பைக் காட்ட முடியாது. ஒளி விழாத இடத்தில் திரையின் சொந்த நிறம்தான் தெரியும். அந்த இடத்தில் தெருவிளக்கு விழுந்தால் கறுப்பு சாம்பலாகிவிடும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 அடி அகலத் திரையில் நம் படம் சுமார் ஏழரை சதுர மீட்டர் பிடிக்கும். லூமென் என்பது புரொஜெக்டர் விடும் மொத்த ஒளி, லக்ஸ் என்பது ஒரு சதுர மீட்டரில் விழும் ஒளி. 3000 லூமென் புரொஜெக்டர் அதன்மேல் 400 லக்ஸ் ஒளி போடும். முழுநிலவு தருவது கால் லக்ஸ் அளவுதான், அது நம்மை ஒன்றும் செய்யாது. கம்பத்துத் தெருவிளக்கு 10 லக்ஸ் விழுந்தால் வெள்ளைக்கும் கறுப்புக்கும் 40 மடங்கு வித்தியாசம்தான் மிஞ்சும். பகல் காட்சி தாங்கும், நாம் உயிரைக் கொடுத்து எடுத்த இருட்டுக் காட்சி முழுக்க அதில் மூழ்கிவிடும். அதனால் அமாவாசைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. அமாவாசையன்று பேய்ப் படத்துக்குப் பிள்ளைகளை யாரும் அனுப்பவும் மாட்டார்கள். தெருவிளக்குதான் எதிரி. பஞ்சாயத்தில் சொல்லி அந்த ஒன்றிரண்டு விளக்கை மட்டும் அரை மணி நேரம் அணைக்கச் சொல்லுங்கள். நீங்களே கம்பத்தில் ஏறாதீர்கள். கோயில் சீரியல் செட்டுக்கு முதுகைக் காட்டித் திரையைக் கட்டுங்கள்.

படத்தையும் தயார் செய்ய வேண்டும். திரையிடலுக்கென்று தனியாக ஒரு பிரதி போடுங்கள், அதில் நடுத்தர வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றுங்கள். எவ்வளவு என்றால், கைபேசியின் பிரைட்னஸைப் பாதியாக்கி மத்தியானம் திண்ணையில் உட்கார்ந்து படத்தைப் பாருங்கள். நடப்பது புரிந்தால் திரையிலும் புரியும். புரியாவிட்டால் இன்னும் ஏற்றுங்கள்.

வாடகைக்கு எடுக்கும்போது ஆன்சி லூமென், அதாவது முறைப்படி அளந்த லூமென், எவ்வளவு என்று கேளுங்கள். ஆன்லைனில் விற்கும் மலிவான பெட்டிகளில் 9000 லூமென் என்று அச்சிட்டிருப்பார்கள். அதை நம்பி ஒன்று வாங்கினோம். இப்போது அது டிரைபாடுக்குக் கீழே முட்டுக்கொடுக்கப் பயன்படுகிறது.

திரைக்கு எட்டு முழ வேட்டி இரண்டைச் சேர்த்துத் தைத்தால் சுமார் 12 அடிக்கு 8 அடி கிடைக்கும். கரையை வெட்டிவிட்டுத் தையுங்கள், இல்லாவிட்டால் எல்லார் கழுத்துக்கும் குறுக்கே ஒரு சரிகைக் கோடு ஓடும். வேட்டி ஒளியைப் பின்பக்கம் கசியவிடும் என்பதால் பின்னால் கறுப்புத் துணி கட்டவேண்டும். பழைய ஃப்ளெக்ஸின் வெள்ளைப் பக்கமும் நல்ல திரைதான். ஆனால் பின்னால் வெளிச்சம் வந்தால் பேய்க்குள்ளிருந்து ஏதோ ஒரு தலைவர் கைகூப்புவார்.

"வாய் ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம்"

தொடக்கத்திலிருந்து கடைசி வரை ஒரே அளவு விலகல் என்றால் கோளாறு திரையிடும் இடத்தில் இருக்கிறது. ப்ளூடூத் ஸ்பீக்கர் சத்தத்தைத் தாமதமாகத் தரும், ஒயருக்கு மாறுங்கள். ஒயர்தான் என்றால் தூரத்தைப் பாருங்கள். ஒலி நொடிக்கு 340 மீட்டர் போலத்தான் போகும். கொடைக்காகத் தெருக்கோடியில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் 100 மீட்டர் தள்ளி இருந்தால், அதன் சத்தம் கால் நொடிக்கும் அதிகமாகப் பிந்தி வந்து பக்கத்துச் சத்தத்தோடு மோதும். படம் ஓடும் நேரத்துக்கு மட்டும் தூரத்துக் குழாய்களைக் கழற்றிவிடச் சொல்லுங்கள். தூங்குகிறவர்களும் வாழ்த்துவார்கள்.

முதலில் சரியாக இருந்து போகப்போக விலகினால் கோளாறு எடிட்டிங்கில். கைபேசி சொன்ன 30 பிரேமைச் சீராக எடுப்பதில்லை, 28, 29, 30 என்று மாறி மாறி எடுக்கும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் மாறாத பிரேம் வேகம் என்று தேர்ந்தெடுத்து மாற்றிவிட்டு, பிறகு டைம்லைனில் போடுங்கள்.

"பாட்டு கேக்கு, பேச்சு மட்டும் காணோம்"

எங்களை ஒரு இரவு முழுக்க அலையவிட்ட கோளாறு இது. இசை ஏதோ கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி கேட்டது. வசனம் சுத்தமாக இல்லை. லேப்டாப்பில் ஹெட்போன் போட்டால் எல்லாம் சரியாக இருந்தது.

லேப்டாப்பிலிருந்து வரும் ஸ்டீரியோ ஒயரின் முனையில் ஒரே ஒரு பெரிய பின் இருந்தது, மைக்செட் அண்ணாச்சி அதை மிக்சரின் மைக் சேனலில் செருகியிருந்தார். அந்த வகைச் சேனல் இடம், வலம் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும்தான் எடுத்துக்கொள்ளும். வசனம் இரண்டு பக்கமும் ஒன்றுபோலவே இருக்கும் அல்லவா? ஒன்றில் ஒன்று கழிந்து பூஜ்யமாகிவிடும். உடனடி வைத்தியம், லேப்டாப்பின் சவுண்ட் செட்டிங்கில் பேலன்ஸை முழுக்க இடப்பக்கம் தள்ளுவது. வசனம் திரும்பி வந்துவிடும். அடுத்த முறை ஒரு முனையில் சின்னப் பின்னும் மறுமுனையில் இரண்டு பெரிய பின்னும் உள்ள ஒயரைக் கொண்டுபோய் இரண்டு சேனலில் செருகுங்கள்.

கூடவே "ம்ம்ம்" என்று ரீங்காரம் கேட்டால் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலும் நின்றுவிடும். பேட்டரியிலேயே ஓட்டுங்கள், பத்து நிமிடப் படத்துக்கு அது போதும். மிக்சரின் எர்த் ஒயரை மட்டும் கழற்றாதீர்கள். ஈரத் தரையில் மைக் பிடிப்பவரின் உயிர் அதில் இருக்கிறது.

"டமார்னு சத்தம் வந்தும் ஒருத்தரும் அசையலை"

இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, படம் முழுக்க சத்தமாக இருந்தது. எடிட்டிங் மென்பொருளின் ஒலி மீட்டரில் (0 தான் உச்சம்) வசனத்தின் உச்சத்தை -12 டெசிபலில் நிறுத்தி, திடுக்கிடும் சத்தத்தை -1 வரை விடுங்கள். அதற்கு முன்னால் மூன்று நொடி அமைதி வேண்டும். சுத்தமான அமைதி என்றால் மைக்செட் அணைந்துவிட்டது என்று நினைத்து எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். எடுத்த இடத்திலேயே யாரும் பேசாமல் அரை நிமிடம் பதிவு செய்த சில்வண்டுச் சத்தத்தை அங்கே போடுங்கள்.

மற்றொன்று, நீங்கள் ஹெட்போனில் கேட்டு ரசித்த அந்த அடிவயிற்று உறுமல் குழாயில் வராது. கூம்பு ஒலிபெருக்கி பேச்சுக்காகச் செய்தது, அடித்தொனியை விழுங்கிவிடும். பெட்டி ஸ்பீக்கர் இரண்டு கேளுங்கள். கிடைக்காவிட்டால் குழாய் நன்றாகத் தரும் சத்தங்களால் பயமுறுத்துங்கள். துருப்பிடித்த கீல், வளையல், தகரத்தில் நகம், குழந்தை அழுகை எல்லாம் அதில் பிரமாதமாகக் கேட்கும். எங்கள் கிணற்று ராட்டினச் சத்தம் ஒன்றைப் பதிவு செய்து வைத்திருக்கிறோம். அதற்கு ஈடு எந்த உறுமலும் இல்லை.

பிரபலமான படத்திலிருந்து பேய் இசையை உருவாதீர்கள். உரிமைச் சிக்கல் ஒரு பக்கம். அதைக் கேட்டதும் கூட்டம் அந்தப் படத்தை நினைத்துக்கொள்ளும், உங்கள் படம் போய்விடும்.

சின்னச் சின்னக் கோளாறுகள்

டைட்டிலில் கொம்பும் காலும் எழுத்தைவிட்டுத் தனியாக நின்றால் உங்கள் எடிட்டிங் மென்பொருளுக்குத் தமிழ் சேர்க்கத் தெரியவில்லை. கைபேசியிலேயே தட்டச்சு செய்து படமாகச் சேமித்து ஒட்டுங்கள். பென்டிரைவில் போட்ட படம் ஓடவில்லை என்றால் 1080, எச்.264, எம்பி4 என்று மறுபடி எடுங்கள். கோப்பின் பெயரை எண்ணாக வைத்துவிடுங்கள். முதல் மழைக்குப் பிறகு திரையிட்டால் ஈசல் வரும். அரை மணி நேரம் முன்னாலேயே நூறடி தள்ளி ஒரு பெரிய விளக்கைப் போட்டு அங்கே அவற்றைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். கரண்ட் போனால் லேம்ப் புரொஜெக்டர் ஆறாமலே அணைந்து லேம்ப் கெடும். 600 விஏ யூபிஎஸ் ஒன்று இருந்தால் முறையாக அணைக்க நேரம் கிடைக்கும்.

"போலீஸ்காரர் நிறுத்தச் சொல்லிட்டார்"

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. கொடைக்கு வாங்கிய மைக்செட் அனுமதியிலேயே படம் போடுவதையும் நேரத்தோடு எழுதி வாங்குங்கள். 9 மணிக்குத் தொடங்கி ஒன்பதே முக்காலுக்குள் முடித்துவிடுங்கள். பொதுவில் காட்டும் படத்துக்கு 1952ஆம் ஆண்டு சினிமாட்டோகிராஃப் சட்டப்படி தணிக்கைச் சான்று வேண்டும். குறும்படம்தானே என்று சட்டம் விட்டுவிடவில்லை. வெளியூர்களில் காட்டும் எண்ணம் இருந்தால் சென்னையில் உள்ள வட்டார அலுவலகத்துக்கு விண்ணப்பம் போடுவதிலிருந்து தொடங்குங்கள். 2023இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு பெரியவர்கள் வழிகாட்டலோடு பிள்ளைகள் பார்க்கலாம் என்ற யுஏ சான்றில் 7, 13, 16 என்று வயதுப் பிரிவு இருக்கிறது. பேய்ப் படத்துக்கு அந்தப் பிரிவு நல்லதுதான். எங்கள் அறிவிப்புப் பலகையிலும் வயது எழுதி, சின்னப் பிள்ளைகளுக்கு முதலில் ஒரு சிரிப்புப் படம் போட்டு அனுப்பிவிடுகிறோம்.

"படத்துக்கு நடுவுல ஒருத்தங்க சாமியாட ஆரம்பிச்சுட்டாங்க"

உடுக்கைச் சத்தம். வேறெதுவும் இல்லை. பேயோட்டும் காட்சிக்கு உடுக்கையை முழுத் தாளத்தோடு இரண்டு நிமிடம் ஓடவிட்டோம், அதுவும் கொடை நடக்கும் கோயிலுக்கு நேர் எதிரே. படத்துக்கு அது பின்னணி இசை, கேட்பவர்களுக்கு அது சாமியை அழைக்கும் சத்தம். உடனே படத்தை நிறுத்தினோம், விளக்கைப் போட்டோம், பெரியவர்கள் திருநீறு பூசித் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார்கள். யாரும் வீடியோ எடுக்கவில்லை என்பதில் எனக்கு ஊர்மேல் மரியாதை.

இப்போதெல்லாம் உடுக்கை, உறுமி என்றால் குறிசொல்லும் கோடாங்கித் தாத்தாவிடம் கேட்டுவிட்டுத்தான் பயன்படுத்துகிறோம். "தாளத்தை முடிக்காத, பாதியிலேயே அறுத்துவிடு" என்றார். அறுத்துப் பார்த்தோம். அதற்குப் பிறகு அந்த மாதிரி நடக்கவில்லை. அறுந்த தாளம் கேட்பதற்கு இன்னும் பயமாகவும் இருந்தது. ஊர்த்தெய்வத்தின் பெயரைப் பேய்க்கு வைக்காதீர்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை அல்லவா?

"ஒரு வீட்டுக்காரங்க பாதியிலேயே எந்திரிச்சுப் போயிட்டாங்க"

இரண்டாவது படத்தில் பேயாக வருபவள் கிணற்றில் விழுந்த பெண். கதையில் வரும் கிணற்றுக்கு ஊரின் வடக்குக் காட்டுக் கிணற்றைத் தேர்ந்தெடுத்தோம். பார்க்க அழகாக இருந்தது, படி இருந்தது, அவ்வளவுதான் யோசித்தோம். நாங்கள் பிறப்பதற்கு முன்னால் அந்தக் கிணற்றில் ஒரு பெண் இறந்திருக்கிறாள். அவளுடைய அக்கா அன்று ஐந்தாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

ஒவ்வொரு ஊரிலும் பேய்க்கதை என்பது பெரும்பாலும் யாரோ ஒரு வீட்டின் சாவு. நமக்கு அது மூன்றாம் தலைமுறைக் கதை, அந்த வீட்டுக்கு அது மகள். மறுநாள் போய் மன்னிப்புக் கேட்டோம். அவர் திட்டவில்லை. "அவ பூவே வைக்க மாட்டாய்யா. நீங்க மல்லியப்பூ வச்சுக் காட்டிட்டிய" என்று மட்டும் சொன்னார். அந்தப் படத்தை அதற்குப் பிறகு எங்கும் போடவில்லை.

இதற்கு எடிட்டிங்கில் வைத்தியம் கிடையாது. எடுப்பதற்கு முன்னாலேயே செய்ய வேண்டும். கதை முடிவானதும் ஊரில் மூன்று ஆச்சிமாரை வெவ்வேறு தெருவிலிருந்து கூப்பிட்டு முழுக்கதையையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். இடத்தின் பெயர், சாவின் விதம், உடுத்தியிருந்த சேலை எல்லாவற்றையும் சேர்த்து. அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டால் அந்த இடத்தை மாற்றிவிடுங்கள், ஏன் என்று கேட்க வேண்டாம்.

"படம் முடிஞ்சும் ஒருத்தரும் கைதட்டலை"

இது கோளாறு இல்லாமலும் இருக்கலாம். உரல் படம் முடிந்தபோது அப்படித்தான் ஆனது. பாயைச் சுருட்டிக்கொண்டு எல்லாரும் பேசாமல் கிளம்பினார்கள். மைக்செட் அண்ணாச்சி ஒயரைச் சுற்றிக்கொண்டே, "என்ன தம்பி, பிடிக்கலையோ?" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. திரையை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது தற்செயலாகக் கம்மாய்ப் பக்கம் பார்த்தேன். புளியமரத்தடியில் மூன்று டார்ச் வெளிச்சம். உரல் எந்தப் பக்கம் கிடக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.